தானாக அடித்த மணி

சிரிப்பு வரும், சத்தியம். அதற்குமுன் தண்டவாளத் துண்டின் கவலையைக் கேளுங்கள்.

தோப்புப் பள்ளிக்கூடத்தில் மரக்கிளையில் தொங்கும் அதுதான் மணி. ஆறு வயதுப் பொடிசுகளும் பதினான்கு வயது நெட்டைகளும் ஒன்றாக ஓடையில் நண்டு தேடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று "டாங்" என்றது. யாரும் அடிக்கவில்லை. பிள்ளைகள் அரக்கப்பரக்க ஓடிவந்து, முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். மறுபடி "டாங்". மறுபடி ஓட்டம்.

"வயசானா இப்படித்தான் அண்ணே, தன்னால சத்தம் வரும்," என்றது மேல்கிளையில் இருந்த கரிச்சான்குருவி.

"இன்னொரு தடவை வந்தா டீச்சர் என்னைப் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்கடா."

தண்டவாளம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் தொங்கியது.

"டாங்."

பிள்ளைகள் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஆனால் உடம்பில் துளி அதிர்வில்லை. அடித்தால் உச்சிமுதல் அடிவரை அதிருமே?

தண்டவாளம் மெல்ல மேலே கரிச்சானைப் பார்த்தது.

"தம்பி, இன்னொரு தடவை அடிங்க. இப்ப உங்க வாயைப் பார்த்துக்கிட்டே கேக்குறேன்."