பிடிக்காத பிரேக்

கன்னையா பட்டறை வாசலில் காரை நிறுத்தியபோது முன்சக்கரம் சாக்கடையில் இறங்கப் பார்த்தது.

"பாத்தியா? இப்பவும் பிடிக்கல" என்றான், இறங்கியதும்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அந்தோனிப்பிள்ளையைப் போல் பொறுமையான மெக்கானிக் கிடையாது. கன்னையாவின் வாடகைக் காரை ஒன்பது வருஷமாக அவன்தான் பார்த்துவருகிறான். இந்த இரண்டு மாதத்தில் மட்டும் மூன்று தடவை பிரேக்கைக் கழற்றி மாட்டிவிட்டான். புதுப் பட்டை போட்டான். கம்பியை இழுத்துக் கட்டினான்.

ஒவ்வொரு தடவையும் கிள்ளானுக்குப் போய்ச் சேருவதற்குள் பழைய கதைதான். மிதித்தால் மிதித்த மாதிரியே இருக்காது. சில சமயம் கார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். சில சமயம் முட்டிக்கொண்டு நின்று, பின்னால் இருப்பவர்களை முன்னால் தள்ளும்.

நேற்று பத்து தீகா என்ற ஊரில் ஒரு பெண் ரப்பர் பால் வாளியோடு சாலையைக் கடந்தாள்.

மிதித்தான். கார் நிற்கவில்லை.

அவள் வாளியைப் போட்டுவிட்டுப் புல்லில் விழுந்தாள். பால் சாலை முழுக்க வெள்ளையாக ஓடியது. பின்சீட்டில் இருந்த துணிக்கடைக்காரர் அங்கேயே இறங்கிக்கொண்டார். ரயிலில் போய்க்கொள்கிறேன் என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். விஷயத்தைக் கேட்ட சீதாலெட்சுமி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"அவளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? இந்தச் சனியனத் தொலைச்சிட்டுப் புதுசா எடுங்க."

புதுசு என்றால் தவணைக் கார். பத்து சாலை என்ற தெருவில் உள்ள கார்க் கடையில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தான். முன்பணத்துக்குச் சங்கிலி போதும். மீதியை இரண்டு வருஷத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். ஒரு மாதம் தவறினால் ஆள் அனுப்பிக் காரை இழுத்துக்கொள்வார்கள். ஸ்டேஷன் வாசலில் அவனோடு நின்று சவாரி பிடித்த இரண்டு பேரின் கார் அப்படித்தான் போனது. அவர்கள் இப்போது தோட்டத்தில் புல் வெட்டுகிறார்கள்.

பழசையே வைத்துக்கொள்வதென்றால் அடியிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சாமான் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். அதுவரை அடுப்பு எப்படி எரியும்?

"அந்தோனி, உள்ளதச் சொல்லு. இதுக்கு மேல இதுல காசு போடலாமா, இல்ல புதுசுதானா?"

"நானே ஒரு ஓட்டம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேண்ணே."

கட்டைச் செருப்போடு பெடல் மிதிக்க முடியாது. அதை வாசலிலேயே விட்டுவிட்டு, கன்னையாவைப் போலவே வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்து பங்சார் பக்கம் விட்டான் அந்தோனிப்பிள்ளை.

கன்னையா முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான். உள்ளே ஏதாவது ஒன்று உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். ஒரு தேய்ந்த பல்சக்கரம், ஒரு விரிசல் விட்ட இரும்பு, கையில் எடுத்து 'இதுதான்' என்று காட்டக்கூடிய ஏதாவது ஒன்று. அது கிடைத்துவிட்டால் போதும், எந்த முடிவானாலும் எடுத்துவிடலாம்.

கார் திரும்பி வந்தது. வேகமாக வந்து, வாசலில் குலுங்காமல், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

அந்தோனிப்பிள்ளை கதவைத் திறந்து ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே ஓடினான். தண்ணீர்த் தொட்டிக்குள் வலது காலை விட்டான்.

"பிரேக்குல ஒரு கோளாறும் இல்லண்ணே, சும்மா கல்லு மாதிரி நிக்குது. காலடிப் பலகைதான் மோசம்! கீழ புகைக்குழாய் ஓட்டையாயிருக்கு, அடுப்பா கொதிக்குது. பங்சார் போறதுக்குள்ள என் காலு வெந்துபோச்சு. நீங்க எப்படித்தான் கிள்ளான் வரைக்கும் வெறுங்காலோட ஓட்டுறீங்க?"



கன்னையா வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுப் பாதத்தைத் திருப்பினான். நடுப்பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கொப்புளித்து, உடைந்து, புழுதி அப்பிக் கறுத்துக் கிடந்தது.

கட்டைவிரலால் அழுத்தினான். இன்னும் பலமாக அழுத்தினான்.

விரலுக்குக் கால் தெரிந்தது. காலுக்கு விரல் தெரியவில்லை.

ரயில்வே கூலிகளின் லயத்தில் இருந்த தம்புசாமிக்கும் கால் மரத்துத்தான் ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துப் பெருநோய் என்று எழுதினார். சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு வருஷமாகிறது. இன்னும் திரும்பவில்லை.

அந்தோனிப்பிள்ளையும் அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டான். ஈரக் காலோடு நின்ற இடத்திலேயே நின்றான். பின்னால் நகரவில்லை. அதைக் கன்னையா கவனித்தான்.

"வேற ஏதாவதா இருக்கும்ண்ணே."

"இருக்கலாம்."

சாலையில் ஒரு மாட்டுவண்டி போனது.  கன்னையாவுக்கு நேற்று புல்லில் விழுந்தவளின் முகம் நினைவுக்கு வந்தது. சின்ன வயதுதான். எழுந்ததும் காரைத்தான் திட்டினாள்.

"நீ ஓட்டு" என்றான்.

"வீட்டுக்காண்ணே?"

வீட்டில் சீதாலெட்சுமி வெறுங்கழுத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புதுசா பழசா என்று கேட்பாள்.

"பெரியாஸ்பத்திரிக்கு."

ஒன்பது வருஷமாக அடுத்தவர்களுக்குத் திறந்துவிட்ட பின்கதவை அன்று தனக்காகத் திறந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, சீட்டின் ஓரம்கூடத் தெரியாதபடி விரித்தான்.

பிறகுதான் அதன்மேல் உட்கார்ந்தான்.