மாப்பிள்ளையின் நாரைகள்

"ஏன்னா, மாப்பிள்ளைகிட்ட அந்தப் பந்து விஷயத்தை எடுக்காதீங்கோ. சொன்னாக் கேளுங்கோ" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"எடுக்காம? நாளன்னிக்கு ஃப்ளைட். அதுலேர்ந்து நாலாம் நாள் பொங்கல். கல்யாணமான மறு வாரமே அமெரிக்கா பறந்தவா, தலைப்பொங்கலே இன்னும் பாக்கி நிக்கறது. ஒரு பந்தாட்டத்துக்காக அதையும் விட்டுட்டு ஓடறதா?"

"அது அவா ஆத்து விஷயம். நமக்கென்ன?"

"நீ பயப்படு. நான் பேசிக்கறேன்."

ஸௌந்தரராஜன் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். முப்பது வருஷமாகக் கணக்கு வாத்தியார். வகுப்பில் புலி. மாப்பிள்ளை எதிரிலோ, அவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் பத்து நாளில் அவர் வாயிலிருந்து முழுசாக வெளிவந்த ஒரே வாக்கியம் "காபி ஆச்சா?" என்பதுதான். அதற்கும் மாப்பிள்ளை சக்ரவர்த்தி தலையை ஆட்டியதோடு சரி.

மகள் வைதேஹி வந்த அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் டி.வி. முன்னால் ஃபுட்பால்தான். ஒரே கூச்சல். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு ஃபைனல், அதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

கேட்டதிலிருந்து ஸௌந்தரராஜனுக்குத் தூக்கம் போயிற்று. குடித்தால் கண்டிக்கலாம், சீட்டாடினால் கண்டிக்கலாம். பந்து பார்க்கிற மாப்பிள்ளையை எந்த சாஸ்திரப்படி கண்டிப்பது? மூன்று தடவை பஸ் ஏறி மதராஸ் போய், மவுண்ட் ரோடு அமெரிக்க நூலகத்தில் பழைய பேப்பர்களைக் குடைந்து, மாப்பிள்ளை ஊர் டீமின் அந்த வருஷத்து ஆட்டம் அத்தனையையும் படித்தார். இது நம்ம ஊர் ஃபுட்பாலே இல்லை. பந்தைக் கோடு தாண்டிக் கொண்டுபோய் வைத்தால் ஆறு, பிறகு ஒரு உதை உதைத்தால் ஒன்று, தூரத்திலிருந்து உதைத்தால் மூன்று. கணக்கு வாத்தியாருக்கே தலை சுற்றியது.

இப்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாப்ளே, இந்த வருஷம் நாரைகள் பிரமாதம், இல்லையோ?"

சக்ரவர்த்தி பேப்பரிலிருந்து நிமிர்ந்தான். "எந்த நாரை மாமா?"

என்ன தன்னடக்கம் என்று வியந்தார் அவர். "உங்க ஊர்க் கோஷ்டி! ஹெரான்ஸ்! மொதல் மூணு ஆட்டமும் உதை. ஊரே காறித் துப்பித்து. அப்பறம் அந்த ஒல்லிப் பையனைக் கொண்டுவந்து நடுவுல நிறுத்தினா. அவன் எறிய ஆரம்பிச்சானோ இல்லியோ, வரிசையா ஒன்பது ஜெயம்!"

"ஓ... அப்படியா?"

"பேருதான் ஃபுட்பால். கால்ல படறதே அபூர்வம். ஒருத்தன் பந்தை இடுக்கிண்டு ஓடறான், பத்துப் பேர் அவன்மேல விழறா. கருட சேவையன்னிக்குப் பிரசாதம் குடுக்கறவன்மேல நம்ம ஜனம் விழறதே, அதேதான்! ரெண்டு கோஷ்டி நேருக்கு நேரா மோதறதுன்னா எனக்குப் புரியாதா மாப்ளே? நான் சின்ன காஞ்சிபுரத்துல பொறந்தவன், வடகலை தென்கலைச் சண்டை பார்த்தே வளந்தவன்!"

சக்ரவர்த்தி சிரித்துவிட்டான். பத்து நாளில் முதல் சிரிப்பு. ஸௌந்தரராஜனுக்கு ஆனை பலம் வந்தது.

"அந்தப் பனி கொட்டின ஆட்டம்! மைதானத்துல கோடே தெரியல. கடைசி வரைக்கும் ரெண்டு பக்கமும் பூஜ்யம். அப்போ நம்ம ஒல்லிப் பையன் பந்தை எறியற மாதிரி காட்டிட்டு எறியாம, தானே தூக்கிண்டு ஓடினான் பாருங்கோ..."

சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பாவம் வைதேஹி, அப்பா வம்பில் மாட்டிக்கொள்ளப் போகிறாரே என்று நடுங்குகிறாள் போலிருக்கிறது.

"மாமா, இவ்வளவும் எதுக்காக நீங்க..."

"உங்களுக்காகத்தான். உங்களுக்கு உசிரான விஷயம், நாலு வார்த்தை தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"எனக்கா? மாமா, அது வந்து..."

"வெக்கப்படாதீங்கோ. நானும் ஆம்பளைதான்." ஸௌந்தரராஜன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். துக்கம் விசாரிக்கப் போன இடத்துக் குரல் அவருக்குத் தானாக வந்தது. "மனசைத் திடப்படுத்திக்கணும். நீங்க ஏரோப்ளேன்ல வந்துண்டிருந்த அன்னிக்கு அரையிறுதி. நேத்துதான் பேப்பர்ல பார்த்தேன். நாரைகள் தோத்துடுத்து. ஒரே ஒரு பாயின்ட். ஃபைனல்லயே நம்ம கோஷ்டி இல்லேன்னா, எதுக்கு விழுந்தடிச்சுண்டு ஓடணும்? பொங்கலுக்கு இருந்துட்டுப் போகலாமே?"

மாப்பிள்ளையின் கண்ணில் நீர் தளும்பும் என்று எதிர்பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை. மாறாக, முகத்தில் என்னமோ ஒரு பிரகாசம் பரவிக்கொண்டிருந்தது.

சமையலறையில் ஒரு பித்தளைப் பாத்திரம் விழுந்து உருண்டது. கையில் பாதி துருவிய தேங்காய் மூடியோடு வாசற்படியில் வந்து நின்றாள் வைதேஹி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒரு பாயின்ட்டாப்பா? கடைசி உதை அந்தத் தடியனா உதைச்சான்? இடது பக்கம் இழுத்துடுவான், அவனை நம்பாதீங்கோடான்னு வருஷம் பூரா டி.வி.யைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேனே, கேட்டாளா படுபாவிகள்!"

தேங்காய் மூடி சுவரில் மோதித் தெறித்தது.

சக்ரவர்த்தி எழுந்தான். அப்படியே மாமனார் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தழுதழுத்த குரலில் சொன்னான்:

"எனக்கு லீவு மாசக் கடைசி வரைக்கும் இருக்கு மாமா. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஞாயித்துக்கிழமைச் சமையல் நான்தான். பொங்கலும் நானே வெச்சுடறேன்!"