மொட்டைச் சுவரின் தபால்

டென்மார்க்கில் கிறிஸ்மஸ் பரிசு கொண்டுவரும் நத்தார் தாத்தா என்னும் மூடநம்பிக்கையை ஒழிக்கப் பிறந்தவன் நான். ஓல்போர்க் பல்கலைக்கழகக் கன்ரீனில் இதை மூன்று மொழிகளில் அறிவித்திருக்கிறேன்.

சில்க்போர்க்கில் எங்கள் வீட்டோடு இருக்கும் என் சின்னம்மா ஞானேஸ்வரி தபால்காரியாக இருந்தவர். மார்கழியில் பிள்ளைகள் நத்தார் தாத்தாவுக்கு எழுதும் கடிதங்களுக்கு அவர்தான் பதில் எழுதுவார். இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சொல்லித் தபால் கம்பனி அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. எங்கள் தெருமுனைச் சுவரிலிருந்த சிவப்புத் தபால்பெட்டியையும் கழற்றிக்கொண்டு போனது.

இந்த மார்கழியும் சின்னம்மா பழைய சாவியோடு அந்தச் சுவருக்குப் போகிறார். கை நிறையக் கடிதங்களோடு வருகிறார். பதில்களைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

"வேலையால நிப்பாட்டினவங்களுக்குச் சும்மா உழைக்கிறீங்களோ? வெக்கமாயில்லையோ, சின்னம்மா?" என்று, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நான் கொதித்தேன்.

"என்னைத்தானே நிப்பாட்டினவை. பிள்ளையளை ஆர் நிப்பாட்டினது? கத்தாமல் உந்த என்வலப்புகளை ஒட்டு."

"பெட்டியே இல்லை! இதெல்லாம் எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"எப்பவும் எடுக்கிற இடத்திலதான்."

நேரே போய்ப் பார்த்தேன். சுவரில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. தட்டினேன், வெறும் செங்கல்.

வீட்டுக்கு வந்து, கம்பனியைக் கிழித்து ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள நத்தார் தாத்தா, என் சின்னம்மாவின் வேலையைத் திருப்பித் தாருங்கள்' என்றுதான் வந்தது.

தெருவில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தத் துளைகளுக்கு நடுவே அதை நீட்டினேன். விரலில் குளிர்ந்த தகரம் பட்டது. உள்ளே, மற்றக் கடிதங்களின் மேல், என் கடிதம் விழுகிற சத்தம் கேட்டது.