கடைசிக் குடை

கிள்ளான் கன்னியர் மடத்தில் சனிக்கிழமைதோறும் ஏழைப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் சிஸ்டர் எமிலியானா, மழையில் நனைந்து இரண்டாம் முறையாகக் காய்ச்சலில் விழுந்து எழுந்திருந்தார். அவரிடம் படித்து வழக்கறிஞரான கோமளா வாங்கித் தந்த குடைகளெல்லாம் யார் யார் கைக்கோ போய்விட்டன. இம்முறை விடுவதில்லை என்று அவள் பெரிய பையோடு வந்து இறங்கினாள்.

முதல் குடையை வாயிற்காவலர் நடேசனிடம் கொடுத்தாள்.

“என்னக்கா, எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா?”

“நின்னா ஓட்டு போடுங்க லா. பிடிங்கண்ணே.”

சமையற்கார ஆரோக்கியத்துக்கும் ஒரு குடை கிடைத்தது, மடத்தின் மற்ற சிஸ்டர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று. பையில் மிஞ்சிய கடைசிக் குடையைச் சிஸ்டரிடம் நீட்டினாள்.

“எனக்குன்னு எதுவும் வெச்சுக்க மாட்டேன்னு வார்த்தைப்பாடு குடுத்தவ நான்மா. இல்லாதவங்களைப் பார்த்தா குடுத்துடுவேன்.”

“தாராளமா குடுங்க சிஸ்டர். இப்போ இங்க குடை இல்லாதவங்கன்னு யாருமே இல்ல.”

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். “லாயர்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?” என்று குடையை வாங்கிக்கொண்டார்.

வென்றுவிட்ட நிம்மதியோடு கோமளா விடைபெற்றாள். போர்ட்டிக்கோவை அடைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கார் சாலைக்கு அப்பால் நின்றது. பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். அது காலியாக இருந்தது.

பின்னால் சிஸ்டர் வந்து நின்றார்.

“கணக்குல நீ அப்பவே வீக்குதான் கோமளா. ஒருத்தியை விட்டுட்டியே” என்றபடி, குடையின் பிடியை அவள் கைக்குள் வைத்து விரல்களை மூடினார்.