கடைசி மூன்று பொட்டுகள்

"ஐயோ, அதைத் தொட்டுடாதீங்கம்மா!" என்று கத்தியே விட்டேன்.

வெர்லீன் அம்மா இரும்பு தேய்க்கும் கிரைண்டிங் மெஷினை நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். தெருநாய் குரைத்தால் திரும்பிப் பார்ப்போமே, அந்தப் பார்வை.

சனிக்கிழமை காலை. அவர் வீட்டு கராஜில் நாங்கள் இருவர்தான். நடுவே அந்தக் கார்.

எழுபதாம் வருடத்து வண்டி. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் செய்தால் அடுத்த தெருக் குழந்தை விழித்துக்கொள்ளும். சோளக்காட்டு ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்த கூட்டை இழுத்துவந்து, நாலு வருடம் தனியாளாக உழைத்து உயிர் கொடுத்திருக்கிறார். பெயிண்ட் மட்டும்தான் பாக்கி. வயது எழுபத்தாறு. பள்ளிக்கூட பஸ் பணிமனையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்.

நான் பழைய கார் சங்கத்தின் நடுவர். ஒரு வண்டி ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று சொல்வதற்கு மிச்சிகனில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் கஷ்டம்.

அம்மா தன் வசதிக்குச் சில மாற்றங்கள் செய்திருந்தார். பெடல்களை மூன்று அங்குலம் நீட்டியிருந்தார். சீட்டை உயர்த்தியிருந்தார். மார்க்கைக் குறைத்தேன். "குறைச்சுக்கோங்க" என்று தோளைக் குலுக்கினார். குறைத்த பிறகும் தங்கச் சான்றிதழுக்கு வேண்டிய மார்க் இருந்தது.

காரணம், டிரைவர் கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் தூண்.

கதவைத் திறந்தால் அதில் தகடுகளை ஒட்டவைத்த பதினோரு வெல்டிங் பொட்டுகள் தெரியும். எட்டு பொட்டு நேராக மேலே ஏறும். கடைசி மூன்று ஏறாமல் கீழே சரிந்துவிடும்.

எங்கள் ஊர் ஃபேக்டரியில், அந்த வருடம் பிப்ரவரியில், மூன்றே வாரம் நடந்த கோளாறு அது. அதைக் கண்டுபிடித்துச் சங்கத்தின் கையேட்டில் எழுதியவன் நான். சரிவு இருந்தால் அசல். நேராக இருந்தால் பிற்பாடு யாரோ கைவைத்தது. நேரான பொட்டை வேண்டுமென்றே கோணலாக்கிக்கொண்டு வந்து நிற்கும் கில்லாடிகளையும் பார்த்துவிட்டேன்.

இங்கே இருந்ததோ சுத்தமான கோணல். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு நேராகப் பொட்டு வைக்கப் போகிறாராம் இந்த அம்மா.

"இது போனா சான்றிதழும் போச்சு. இந்தக் கோணல் கை படாம இருக்கிறது நாட்டுலயே நாலு வண்டியிலதான்."

"பார்க்க அசிங்கமா இருக்கு தம்பி."

"அந்த அசிங்கம்தாம்மா அசல்!"

சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. அதோடு விட்டேனா? பாடமும் எடுத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்கால ஷிப்ட். சாப்பாட்டு நேரத்தில் எதிர்த்த பாரில் இரண்டு பியர் ஏற்றிக்கொண்டு வந்தவன் எவனோ, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இழுத்துவிட்டுப் போயிருக்கிறான். கையேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்கள் சிரிக்கிற இடம் அது.

வெர்லீன் அம்மாவும் சிரித்தார்.

"மூணு வாரமும் வெள்ளிக்கிழமையா தம்பி?"

இருபது வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.

"அந்த ஃபேக்டரியில வெல்டிங் கன் மேலேருந்து கேபிள்ல தொங்கும். ஆறடி ஆம்பளைக்கு அளந்து கட்டினது. நான் அஞ்சடி. எட்டாவது பொட்டு வரைக்கும் கை போகும். அதுக்கு மேல எம்பி எம்பி வைக்கணும், வண்டி அது பாட்டுக்கு நகர்ந்துக்கிட்டே இருக்கும். ஏறி நிக்க ஒரு ஸ்டூல் கேட்டேன். தினம் தினம் கேட்டேன். 'எட்டலைன்னா அடுப்படிக்குப் போ'ன்னான் ஃபோர்மேன். மூணாவது வாரம், வேலை தெரியாதவள்னு எழுதி அனுப்பிட்டான்."

மெஷினின் வட்டைக் கையால் அசைத்து இறுக்கம் பார்த்தார்.

"அப்புறம் முப்பது வருஷம் பஸ் ஷெட்டுல வெல்டிங்தான் பார்த்தேன். ஒரு பொட்டு கோணல்னு எவனும் சொன்னதில்லை. அந்த மூணு வாரத்து வண்டி ஒண்ணாவது கையில கிடைக்காதான்னு தேடிக்கிட்டே இருந்தேன். நல்லவேளை, நீங்க புக்குல அடையாளம் போட்டு வச்சிருந்தீங்க."

எனக்குக் காது மடல் சுட்டது. அந்த நிலையிலும் என் புத்தி சங்கத்தை விட்டு நகரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"அப்படின்னா இன்னும் நல்லதாப் போச்சேம்மா! இது உங்க கைவேலை. உங்க கைவேலையை நீங்களே அழிக்கலாமா?"

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

"இது என் கைவேலை இல்லை. ஸ்டூல் குடுக்காதவனோட கைவேலை. என்னோடதை இனிமேதான் பார்க்கப் போறீங்க. தள்ளி நில்லுங்க, பொறி பறக்கும்."

அன்றைக்கு ஃபேக்டரியில் வண்டி உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குத் தரையில் நின்றது. அவருக்கு எம்பாமலே எட்டியது.

மூன்று பொட்டும் தேய்ந்து போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.