வாலுக்கு அப்பால் ஓர் ஏரி

செம்பி என்ற வாத்து, முட்டையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து வரிசையில்தான் நடந்தது. அதற்கு முன்னால் எப்போதும் மூக்காயி என்ற வாத்து. ஆகவே செம்பி பார்த்த உலகம் மொத்தமும் மூக்காயியின் வால்தான்.

"அக்கா, மதகுக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி இருக்காமே. போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"யார் கூட?"

"தனியாத்தான்."

"கீரி வந்தா என்னடி செய்வே? வரப்புல நேரா நடக்கத் தெரியாதவ ஏரிக்குப் போறாளாம், ஏரிக்கு!"

செம்பிக்கு ரோஷம் வந்தது. ஆனால் கால் வரவில்லை. முதல் நாள் வரப்பு முனைவரை போய், திரும்பி ஓடிவந்துவிட்டது. மறுநாள் வாய்க்கால்வரை போனது. அங்கே ஒரு தவளை தாவியதும் செம்பி அலறியது. அந்த அலறலில் தவளை தலைதெறிக்க ஓடியது. நம்மைப் பார்த்தும் ஓட ஆள் இருக்கிறதே என்று செம்பிக்கு ஒரே சந்தோஷம். திரும்பும்போது ஒரு நத்தையை நிதானமாகத் தின்றுவிட்டு வந்தது.

மூன்றாம் நாள் மதகைத் தாண்டியது. முன்னால் வால் இல்லை. வானம் இருந்தது, அல்லி இருந்தது, அக்கரை தெரியாத தண்ணீர் இருந்தது.

"அடேயப்பா!"

பின்னால் புதர் சலசலத்தது. கீரியோ? தண்ணீரில் ஒரு காலை வைத்துக்கொண்டு செம்பி திரும்பிப் பார்த்தது. மூக்காயி!

"நீ தொலைஞ்சு போயிடுவியோன்னு பின்னாலயே வந்தேன்டி."

"சரிக்கா. ஏரி எப்படி இருக்கு?"

"எந்த ஏரி? நான் உன் வாலைத்தானே பார்த்துக்கிட்டு வந்தேன்!"

செம்பி ஓரடி விலகி நின்றது.