கரும்பலகையில் ஜெயித்த அணி

புது கோச் வந்ததிலிருந்து கல்லூரிக் கால்பந்து அணிக்குத் தோல்விமேல் தோல்வி. அதில் ரொம்பக் குழம்பிப்போனது பந்துதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் கோச் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவார். அதில் பந்து வளைந்து நெளிந்து ஓடி எதிரணியின் கோலுக்குள் விழும். மைதானத்திலோ சொந்த கோலுக்குள் வந்து கிடக்கும்.

கடைசி ஆட்டத்திலும் தோற்றாயிற்று. சேறும் சகதியுமாய் மூலையில் கிடந்த பந்து, பலகைக்கு அடியில் இருந்த சாக்பீஸிடம் கேட்டது:

"ஏம்ப்பா, நீ போட்ட வழியிலதானே போறேன்? நடுவுல யாரோ வந்து பறிச்சுக்கிறாங்களே, அவங்க யாரு?"

"எதிரணிக்காரங்க."

"அவங்களைப் பலகையில பார்த்ததே இல்லையே!"

சாக்பீஸுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"நல்லா கேட்டே போ! அவங்களையும் வரைஞ்சா அம்பு எப்படிப்பா கோலுக்குப் போய்ச் சேரும்?"